ஃபாக் லைட்டைக் கடைசியா வாங்குங்க: கடற்கரை ரோட்டில் நைட் ரைடு

மக்களே, செமஸ்டர் கடைசி பேப்பர் முடிஞ்ச அன்னைக்கு ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தன் கட்டாயம் ஆரம்பிப்பான்: "தூத்துக்குடில இருந்து கடற்கரை ரோட்டைப் பிடிச்சு கன்னியாகுமரி போவோம்லே, சன்ரைஸ் பாத்துட்டு வருவோம்." அடுத்த நிமிஷமே ஆன்லைன்ல ஃபாக் லைட் தேடல் தொடங்கிடும். போறதைத் தடுக்க இந்தக் கட்டுரை எழுதலை. எதை முதல்ல வாங்கணும், எதைக் கடைசியா வாங்கணும்கிற வரிசையைத்தான் பேசப் போறேன். நம்மள்ல பெரும்பாலானவங்க அந்த வரிசையைத் தலைகீழா வெச்சிருக்கோம்.

ரூட் உங்களுக்குத் தெரியும். முக்காணி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர், அதைத் தாண்டினதும் ஆலந்தலை, அப்புறம் குலசை, மணப்பாடு, உவரி, கூடங்குளம். மொத்தம் சுமார் 130 கி.மீ. பெரும்பகுதி நடுவுல தடுப்பு இல்லாத ரோடு. திருச்செந்தூர் வெளிச்சம் முடிஞ்சு ஆலந்தலைப் பக்கம் திரும்பினதும் இருட்டு சட்டுனு கவியும். கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20-லிருந்து 30 நிமிஷம் ஆகும். பைக்ல அந்தத் தூரத்தைக் கடக்க உங்களுக்கு அஞ்சாறு நிமிஷம் போதும். அதாவது டவுன் வெளிச்சத்துக்குப் பழகின கண்ணோடதான் இருட்டுக்குள்ள போறீங்க.

அந்த இருட்டுல யார் இருப்பாங்க? திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை வர்றவங்க. தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம்னு சீசன் வந்தா, பகல்ல தார் ரோடு காலைச் சுடும்னு ராத்திரிதான் கூட்டமா நடப்பாங்க. தசராவுக்கு குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டிப் போறவங்க தனி. குழந்தை, பாட்டி எல்லாரும் அதே ரோட்டு ஓரத்துலதான். போலீஸ்காரங்க சில இடத்துல அவங்க பையில ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுறாங்க, நல்ல வேலை. ஆனா எல்லார் முதுகுலயும் அது இருக்காது. நைட் ரைடுன்னாலே நாம நம்ம உயிரைப் பத்தி மட்டும்தான் பேசுறோம். இந்த ரோட்டுல அந்தப் பாட்டியோட உயிரும் நம்ம பிரேக் லிவர்லதான் இருக்கு.

இப்போ கொஞ்சம் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ். ராத்திரி நேரத்துல ஒண்ணைப் பாத்து, புரிஞ்சு, பிரேக் பிடிக்க 1.5 நொடின்னு வெச்சுக்கலாம். வேகம் குறையற வீதம் 0.6 ஜி. மணிக்கு 60 கி.மீ.னா நொடிக்கு 16.7 மீட்டர். பிரேக்ல கை போறதுக்குள்ளயே 25 மீட்டர் ஓடிருக்கும். அப்புறம் நிக்க இன்னொரு 24. மொத்தம் 49. இதையே 80-க்குப் போடுங்க: 33 கூட்டல் 42, மொத்தம் 75 மீட்டர். லோ பீம்ல உருப்படியான வெளிச்சம் 40, 50 மீட்டர்தான், கறுப்புச் சட்டை போட்டவர் அதைவிடக் கிட்ட வந்துதான் தெரிவார். ஸோ லோ பீம்ல 80-ல போறவன் தனக்குத் தெரியாத இடத்துக்குள்ள வண்டி ஓட்டுறான். 50-ன்னா 37 மீட்டர்ல நின்னுடலாம். எந்தக் கடையிலயும் இதைவிட மலிவான அப்கிரேடு கிடைக்காது.

சரி, காசு செலவுக்கு வருவோம். முதல் செலவு வைசர். கடற்கரை ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டினாலே அதுல உப்புப் படலம் படியும். அதைக் கர்ச்சீப்பால வறட்டுத் துடைப்பு துடைச்சா உப்புத் துகளே தேய்ப்பு காகிதம் மாதிரி கோடு போடும். ஒவ்வொரு கோடும் எதிர்ல வர்ற லாரி லைட்டைச் சிதறடிச்சு நட்சத்திரமா விரிக்கும், அந்த நட்சத்திரத்துக்குப் பின்னாடி நடந்து போறவர் காணாமப் போயிடுவார். அதனால முதல்ல தண்ணி ஊத்துங்க, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. கோடு விழுந்த வைசரை மாத்திடுங்க, சில நூறு ரூபாய்தான். ராத்திரிக்கு கிளியர் வைசர் மட்டும். ஸ்மோக் வைசர் போட்டு நைட் ரைடு போறவனைப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்லை.

ஹெல்மெட்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 4151 எண் இருக்கணும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விக்கிறதே சட்டப்படி தப்பு. ரோட்டோர ஸ்டிக்கர் சரக்கை நம்பாதீங்க. உள்ள இருக்கிற தெர்மோகோல் மாதிரியான நுரை ஒரு அடியில நசுங்கித்தான் தலையைக் காப்பாத்துது. நசுங்கினது திரும்ப எழும்பாது.

அடுத்தது செலவே இல்லாத வேலை, ஹெட்லைட் கோணம். சமதளத்துல சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்க ஏறி உக்காருங்க. ஹெட்லைட் மையத்தோட உயரத்தைச் சுவர்ல குறிங்க. லோ பீமோட மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே விழணும், அதாவது 1 சதவீத இறக்கம். இப்போ பின்னாடி நண்பனும் பையும் ஏறினா என்ன ஆகுது பாருங்க. பின்பக்கம் கூடுதலா 3 செ.மீ. அமுங்குதுன்னு வெச்சுக்குவோம். வீல்பேஸ் 1.3 மீட்டர். 3-ஐ 130-ஆல வகுத்தா 2.3 சதவீதம் பீம் மேல தூக்குது. 1 சதவீதம் கீழ இருந்தது இப்போ 1.3 சதவீதம் மேல. 50 மீட்டர்ல அது ஹெட்லைட் உயரத்தைவிட 65 செ.மீ. மேல, நேரா எதிர்ல வர்றவன் கண்ணுக்குள்ள. உங்க ரோடு இருட்டு, அவனுக்கும் குருடு. டூல் கிட்ல ஒரு வளைஞ்ச ஸ்பேனர் சும்மாவே கிடக்கும், பின் சஸ்பென்ஷனை ரெண்டு படி ஏத்தத்தான் அது. ஏத்திட்டு சுவர் டெஸ்ட்டை மறுபடி பண்ணுங்க.

மூணாவது, நாம மத்தவங்க கண்ணுல படறது. ஆலந்தலைக் கரையில நின்னு தூரத்துல போற கப்பலைப் பாத்திருப்பீங்க. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு. அது கடலைப் பாக்கறதுக்கான வெளிச்சமே இல்ல, மத்த கப்பல் தன்னைப் பாத்து எந்தப் பக்கம் போறோம்னு புரிஞ்சுக்கறதுக்கு. பைக்ல அந்த வேலையைச் செய்யறது ரிஃப்ளெக்டிவ் டேப். அதுல இருக்கிற கண்ணாடி மணியோ நுண்பிரிசமோ வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதனால லாரி டிரைவர் கண்ணுக்கு அது பல்பு மாதிரி எரியும். பின்னாடி சிவப்பு, முன்னாடி வெள்ளை. பை, ஹெல்மெட் பின்பக்கம், பூட்ஸ் குதிகால் மூணுலயும் ஒட்டுங்க. கடலை மிட்டாய் செலவுதான்.

கிளவுஸ், ஜாக்கெட் பத்திச் சுருக்கமா. விழும்போது முதல்ல ஊன்றது உள்ளங்கை, அதனால ஜாக்கெட்டுக்குக் காசு சேரலைன்னாலும் கிளவுஸ் வாங்கிடுங்க. ஜாக்கெட் வாங்கும்போது முழங்கை, தோள் பேடுல ஈ.என். 1621-1 எண்ணைத் தேடுங்க. லெவல் 1-ன்னா 50 ஜூல் அடியில சராசரியா 35 கிலோநியூட்டன் வரைக்கும் உடம்புக்குக் கடத்தலாம், லெவல் 2-ன்னா 20 வரைக்கும்தான். நம்ம வெக்கைக்கு மெஷ் போதும். கறுப்பு ஸ்டைலாத்தான் இருக்கும், ஆனா ராத்திரியும் கறுப்புதானே மக்கா.

கடைசியா ஃபாக் லைட். 20 வாட் ரெண்டுன்னா 40-ஐ 12-ஆல வகுத்து 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும், அது பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். ரிலே கட்டாயம். உங்க ஆல்டர்னேட்டர் எத்தனை வாட் தருதுன்னு மேனுவல்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வயரை நடுவுல உரிச்சு முறுக்கி டேப் சுத்துற வேலை இந்தக் கரையில ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உப்புக்காத்து செம்பைப் பச்சையாக்கிடும். சீல் பண்ணின கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க், உள்ள கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், இவ்வளவும் வேணும். எதிர்ல வண்டி வந்தா அணைக்க விரல் எட்டுற இடத்துல சுவிட்ச் இருக்கணும், இல்லைன்னா லைட்டே வேண்டாம்.

ரோட்டைப் பத்தி இன்னும் ரெண்டு விஷயம். ஆடி மாசக் காத்துல ரோட்டு ஓரம் மணல் சேந்திருக்கும், அங்க முன் பிரேக்கை இறுக்கினா டயர் வழுக்கும். மீன் வண்டி ஒழுக்கின ஐஸ் தண்ணியும் அப்படித்தான். பளபளன்னு தெரிஞ்சா சாயாம நேரா கடந்துடுங்க. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டாமப் பாத்துக்கும், ஆனா மணல்ல அதால பிடிப்பை உருவாக்க முடியாது.

யாராவது விழுந்து கிடந்தா 108. உதவி செஞ்சவரைச் சட்டம் பாதுகாக்குது, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ, 2019 திருத்தத்துல வந்தது. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஹெல்மெட்டை நீங்களா பிடுங்கி எடுக்காதீங்க, கழுத்து எலும்பு சிக்கல் இருக்கலாம். மூச்சு விட முடியலைன்னா மட்டும்தான் விதிவிலக்கு.

நேரக் கணக்கு ஒண்ணு பாக்கி. கன்னியாகுமரில சூரியன் வர்றது ஆறு மணியை ஒட்டித்தான். நடுராத்திரி கிளம்பினா மூணு மணிக்கே போய்ச் சேந்து பஸ் ஸ்டாண்டுல கொசுக்கடிதான், அதுவும் கண்ணு சொக்குற நேரம் முழுக்க ரோட்டுல. சாயங்காலமே திருச்செந்தூர் வந்து தூங்கிட்டு, மூணரைக்கு ஒரு டீ குடிச்சுக் கிளம்புங்க. மீதி 90 கி.மீ.க்கு, ஐம்பதைத் தாண்டாமப் போனாலும் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, மணப்பாடு தாண்டி ஒரு ஸ்டாப்போட.