துடைப்பதற்கு முன் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் தாண்டியதும் எங்கள் மாருதி 800-இல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை வேறு. ஓரங்கட்டி ஆறவிட்டு, மெல்லக் கீழே இறக்கி வந்தேன்.

அந்த வண்டியின் கியர் பாக்ஸை வீட்டு வாசலில் இரண்டு முறை இறக்கியிருக்கிறேன். முதல் முறை கிளட்ச் பிளேட்டை மாற்றினேன். நான்கே மாதத்தில் மறுபடியும் அதே வேலை. இரண்டாவது முறைதான் உண்மையில் பழுது பார்த்தேன். சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்காக, அந்த இரண்டு முறையும் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

800-இல் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. பெடலைக் கையால் அழுத்தினால், முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். இதுதான் ஃப்ரீ பிளே. பிளேட் தேயத் தேய இது குறைந்துகொண்டே வரும். ஃப்ரீ பிளே துளியும் இல்லாவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அழுத்தியபடியே இருக்கும். நல்ல பிளேட்டும் அப்போது வழுக்கும். அதனால் முதலில் கேபிளைச் சரியாக வைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சமதளத்தில், எதிரே யாரும் இல்லாத இடத்தில், கைபிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காம் கியரில் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் ஸ்லிப் உறுதி. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும்.

தூக்கி நிறுத்துவது

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டின் மேல். தரை சிமெண்டாக இருக்கட்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். அடியில் நுழையும் முன் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால், எல்லாவற்றையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து நிறுத்துங்கள். இந்த இடத்தில் சமரசமே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, கேபிள்கள், ஒயர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆக்ஸில்கள் என்று வரிசையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுங்கள். போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. ஓர் அட்டையில் கியர் பாக்ஸின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

கியர் பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜின் ஒரு பக்கம் சாயும். அதற்கு முன்பே ஆயில் சம்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிவிட வேண்டும். கியர் பாக்ஸை இறக்கும்போது கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். நின்றபடி எளிதாகத் தூக்கும் கனத்தை, மல்லாந்து படுத்தபடி மார்புக்கு மேலே தாங்க முடியாது.

உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் பறக்கவிடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

நான் செய்த தவறு

முதல் முறை கழற்றிய பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஃபிளைவீலின் கீழ் விளிம்பில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பழைய வண்டிதானே என்று துணியால் துடைத்துவிட்டு, புது பிளேட்டை மாட்டினேன்.

நான்காம் மாதம் மறுபடி ஸ்லிப். இந்த முறை எங்கள் தெருவில் இருக்கும், லாரி பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டேன். கியர் பாக்ஸ் இறங்கியதும் துணியோடு குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“துடைக்காத தம்பி. அது எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல பாரு.”

விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். கியர் ஆயில் என்றால் கந்தக நெடி மூக்கில் ஏறும். கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் கசிகிறது என்று அர்த்தம். ஓடிய இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும், அந்த நெடி இருக்காது. என் விரலில் இருந்தது இன்ஜின் ஆயில். ஃபிளைவீலைக் கழற்றினோம். பின்னால் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து இறுகிக் கிடந்தது. புது பிளேட் கனம் குறையாமல், எண்ணெயில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. சீலின் விலை பிளேட் விலையில் சிறு பங்குதான்.

அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக வாங்குங்கள். கிராங்க் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஆக்ஸில் சீல்கள் இரண்டு, கியர் ஆயில் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிளைவீலில் நீலத் திட்டுகளோ மயிரிழை விரிசல்களோ தெரிந்தால் லேத்தில் காட்டுங்கள்.

கோர்க்கும்போது

புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். அதையும் ஃபிளைவீல் முகத்தையும் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பொதுவாக அதிலேயே குறித்திருப்பார்கள். திருப்பி மாட்டினால் கிளட்ச் ஒழுங்காக விடுபடாது.

பிளேட் நட்டநடுவில் உட்கார வேண்டும். அதற்கான அலைன்மென்ட் டூல் இல்லாவிட்டால், ஒரு மரக்குச்சியில் அளவுக்குத் தகுந்தபடி டேப் சுற்றிச் செய்துகொள்ளலாம். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஃபிளைவீல் போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்சும் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவும் அவசியம். ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் சிதறிப் பிளேட்டில் விழும்.

கியர் பாக்ஸ் கடைசி இரண்டு விரற்கடையில் நின்றுவிட்டால், போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று கை துடிக்கும். செய்யாதீர்கள். ஹவுசிங் விரியும், பிளேட்டின் நடுப்பகுதி வளையும். அது நுழையாததற்கு ஒரு காரணம் இருக்கும்: பிளேட் நடுவில் இல்லை, அல்லது இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கோணத்தில் இல்லை. பலகைக்கு அடியில் ஜாக்கியைச் சற்றே ஏற்றி இறக்கி, ஃபிளைவீலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எங்களுக்கு அது தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கியர் ஆயிலை மறக்காமல் நிரப்பி, கேபிளுக்கு ஃப்ரீ பிளே வைத்த பிறகே இன்ஜினை ஓட்டுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மலையும் வேண்டாம், பாரமும் வேண்டாம்.

காலும் ஒரு காரணம்

முதல் பிளேட் ரிவெட் வரை தேய்ந்ததற்குச் சீல் மட்டும் காரணம் இல்லை. மேட்டில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதிலாக கிளட்சில்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தி வந்தேன். ஓட்டும்போதும் இடது கால் பெடல் மேலேயே இருந்தது. இப்போது மேட்டில் கைபிரேக். கியர் மாற்றியதும் கால் தரையில்.

அந்த இரண்டு பிளேட்டுகளையும் வீட்டுச் சுவரில் அடுத்தடுத்து மாட்டி வைத்திருக்கிறேன். தேய்ந்து மெலிந்தது ஒன்று, தேயாமலே கறுத்தது ஒன்று. கிளட்ச் போய்விட்டது, செட் வாங்க வேண்டும் என்று யாராவது வந்தால், அந்த இரண்டையும் காட்டி, “உங்களுடையது இதில் எது?” என்று கேட்கிறேன். அது தெரியாமல் புது பிளேட்டை மாட்டாதீர்கள்.