எண்ணெயும் தண்ணீரும் ஒரே டப்பாவில்



ஒத்துப்போகாத இரண்டு பேரைப் பார்த்தால் 'எண்ணெயும் தண்ணியும் மாதிரி' என்று சொல்லுவோம். ஆனால் நம் பாட்டிமார் 'ஸ்னோ' என்று சொல்லிப் பூசிக்கொண்ட வெள்ளைக் கிரீமைப் பாருங்கள். அதில் முக்கால் பங்கு வரை தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி கொழுப்புப் பொருள். இரண்டும் மாதக்கணக்கில் சண்டையில்லாமல் ஒரே டப்பாவில் இருக்கின்றன. இதைச் சாதிப்பது பால்மமாக்கி. நம் லேப் வழக்கப்படி எமல்சிஃபையர் என்றே சொல்லிக்கொள்வோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1 கன செ.மீ. எண்ணெயை ஒரு கனசதுரமாக நினைத்துக்கொண்டால் அதன் பரப்பு 6 சதுர செ.மீ. அதே எண்ணெயை 1 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர்! பத்தாயிரம் மடங்கு. ஒரு சின்ன ரூமின் தரை அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். எண்ணெயும் தண்ணீரும் தொடும் இடத்தில் பரப்பு இழுவிசை இருப்பதால், பரப்பு கூடக் கூட ஆற்றல் கூடும். கலக்குவதை நிறுத்தினதுமே துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். பாட்டிலைக் குலுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பிரிந்து நிற்பது இதனால்தான்.

எமல்சிஃபையர் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். அதனால் அது எல்லைக்கோட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பரப்பு இழுவிசை குறையும். 'பரப்பு இழுவிசையைக் குறைக்கும்' என்று மட்டும் எழுதிவிட்டு மார்க் எதிர்பார்க்கிறோம், ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, துளியைச் சுற்றிப் போடும் வேலி. பக்கத்துத் துளி வந்து மோதினாலும் வேலி உடையாமல் இருந்தால்தான் கிரீம் நிலைக்கும்.

இனி ஸ்னோ செய்யும் விதம். 100 கிராம் கிரீமுக்கு 20 கிராம் ஸ்டியரிக் அமிலம் எடுக்கிறோம் என்று கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 4 கிராமை மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்க வேண்டும். மூலக்கூறு எடை 284, 56. ஆகவே 4 × 56 ÷ 284 = 0.79 கிராம். கடையில் கிடைக்கும் செதில் 85 சதவீதத் தூய்மை என்றால் 0.93 கிராம் எடுக்க வேண்டும். இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக 75 டிகிரி வரை சூடாக்கி, பிறகு ஒன்றாக ஊற்றிக் கலக்குகிறோம். அங்கேயே, அந்த நிமிடத்திலேயே பொட்டாசியம் ஸ்டியரேட் என்ற சோப்பு உண்டாகிறது. அதுதான் எமல்சிஃபையர். வெளியிலிருந்து எதுவும் வாங்கிப் போடவில்லை! மீதி ஸ்டியரிக் அமிலம் ஆறும்போது நுண்படிகமாகிறது. ஸ்னோவின் முத்துப் பளபளப்பு அதிலிருந்து வருவது. முகத்தில் தேய்த்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். ஸ்டியரிக் அமிலத்தின் உருகுநிலை சுமார் 69 டிகிரி ஆகையால், உடல் சூட்டில் உருகி வழியாமல் மெல்லிய படலமாக நிற்கும். கிரீம் 'மறைந்து' போன மாதிரி தெரியும்.

சூடாக்குவதில் அவசரப்படக்கூடாது. எண்ணெய்ப் பகுதி சூடாக, தண்ணீர் பச்சையாக இருந்தால் அமிலம் கட்டிகட்டியாக உறைந்துபோகும்.

இந்தச் சோப்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியம், கரையாத கால்சியம் ஸ்டியரேட்டாக மாற்றி வேலியைப் பிடுங்கிவிடும். வடிநீர்தான் வேண்டும். இன்னொன்று அமிலம். 'எலுமிச்சைச் சாறு விட்டால் நல்லதுதானே' என்று ஊற்றினால், சோப்பு மறுபடி ஸ்டியரிக் அமிலமாகிக் கிரீம் திரிந்துவிடும்.

அமிலத்துக்கும் உப்புக்கும் அசையாத வகைகளும் உண்டு. ஸ்பான், ட்வீன் போன்றவை மின்சுமை இல்லாதவை. எதை எவ்வளவு போடுவது? 1949-ல் கிரிஃபின் என்பவர் எச்.எல்.பி. என்ற எண்ணைக் கொடுத்தார். எண் சிறியதாக இருந்தால் எண்ணெய்ப் பக்கம், பெரியதாக இருந்தால் தண்ணீர்ப் பக்கம். சுமார் 3 முதல் 6 வரை உள்ளது எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி வகைக்கும், 8-க்கு மேல் உள்ளது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளி வகைக்கும் பொருந்தும். நமக்கு 10 தேவை, கையில் ஸ்பான் 80 (4.3), ட்வீன் 80 (15.0). ட்வீனின் பங்கு (10 – 4.3) ÷ (15 – 4.3) = 0.53. மீதி 0.47 ஸ்பான். அவ்வளவே. இரண்டைக் கலந்து போட்டால் தலைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் நிரம்பி வேலியும் நெருக்கமாகும்.

எந்த வகைக் கிரீம் என்று தெரிய, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். பால் மாதிரி கரைந்தால் வெளியே இருப்பது தண்ணீர்.

இதுவரை டப்பாவைப் பற்றி. தோலைப் பற்றியும் பேச வேண்டும். டப்பாவில் எண்ணெயைப் பிடித்து வைக்கும் அதே மூலக்கூறு, தோலின் சொந்தக் கொழுப்பையும் பிடிக்கும் அல்லவா? பிரிட்டனில் 'அக்வஸ் கிரீம்' என்ற மலிவான கிரீம் சிரங்கு, வறட்சி உள்ள குழந்தைகளுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டு வந்தது. அதில் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் 30 சதவீதம். அந்த ஆயின்ட்மென்டில் எமல்சிஃபையிங் மெழுகு 30 சதவீதம். மெழுகில் சோடியம் லாரில் சல்ஃபேட் 10 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், கிரீமில் 0.9 சதவீதம். கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் 2010-ல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நல்ல தோல் உள்ளவர்களின் கையில் நான்கு வாரம் தினமும் பூசிப் பார்த்ததில், மேல்தோலின் காப்பு அடுக்கு பத்து சதவீதத்துக்கு மேல் மெலிந்திருந்தது. 2013-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கழுவாமல் விட்டால் எரிச்சல், அரிப்பு வரலாம், குறிப்பாக எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு வரலாம் என்று எச்சரித்தது. வறட்சிக்கு மருந்தென்று பூசியது, வேலியையே மேய்ந்திருக்கிறது.

குற்றம் எமல்சிஃபையர் என்ற இனத்தின் மீதல்ல. லாரில் சல்ஃபேட் 12 கார்பன் கொண்ட சின்ன, சுறுசுறுப்பான, மின்சுமையுள்ள மூலக்கூறு. அது புரதத்தையும் விட்டுவைக்காது. கிளிசரில் ஸ்டியரேட், பாலிசார்பேட் 60 போன்ற மின்சுமையில்லாதவை பொதுவாகச் சாதுவானவை. அடுத்த முறை கடையில் டப்பாவைக் கையில் எடுத்தால், முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடியெழுத்தில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்.