யந்திரத்தை விற்காமல் மிச்சத்தை விற்ற வியாபாரம்

ஒரு பண்டம் நல்லதென்று அறிந்தும், அதன் கிரயம் கைக்கு எட்டாததாய் இருப்பதால் ஜனங்கள் அதை வாங்காமல் விட்டுவிடுவது எத்தேசத்திலும் உள்ள வழக்கமேயாகும். அந்நிலையில் வியாபாரி செய்யத்தக்கது விலையைக் குறைப்பது ஒன்றே என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். விலையைக் குறையாமலே, வாங்குவோன் அப்பண்டத்தை நோக்கும் நோக்கை மாற்றி விற்கும் உபாயமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி யந்திரம் பரவின வரலாறு இதற்குத் தக்க பாடமாகும்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பிரதேசம் தாமிரத்திற்கும் வெள்ளீயத்திற்கும் பேர் பெற்றது. சுரங்கம் ஆழமாக ஆக ஊற்றுநீர் பெருகும். அதை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இதற்கு நியூகோமன் என்பவர் 1712-ல் ஏற்படுத்திய பழைய நீராவி யந்திரமே உபயோகத்திலிருந்தது. அது கரியை மலைமலையாக விழுங்கிற்று. கார்ன்வாலிலோ நிலக்கரி கிடையாது. வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கும். இறைத்தாலோ கரிச் செலவில் முதல் மூழ்கும்.

பழைய யந்திரத்தில் ஒவ்வோர் இழுப்பிற்கும் உருளையை நீராவியால் சூடாக்கி, உடனே குளிர்ந்த நீரைத் தெளித்து ஆறவைப்பர். மறு இழுப்பிற்கு அதையே மீண்டும் சூடாக்க வேண்டும். கரி வீணாவதற்கு இதுவே மூலகாரணம். நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிரவைத்தால் உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்கும் என்று வாட் 1765-ல் கண்டார். 1769-ல் பேடண்டு உரிமை பெற்றார். அவருக்கு முதல் கொடுத்துதவிய ரோபக் என்பவர் 1773-ல் கடனில் மூழ்கினார். அவருடைய பங்கு பர்மிங்ஹாம் முதலாளியாகிய மாத்யூ போல்டன் கைக்கு வந்தது. 1775-ல் பார்லிமெண்டு அவ்வுரிமையை 1800 வரை நீட்டிக் கொடுத்தது.

யந்திரம் தயார், வாங்குவோர் எங்கே? சுரங்கத்தாரிடம் ஏற்கெனவே ஓடும் யந்திரம் இருந்தது. புதிய உருளை, புதிய கட்டடம், இவற்றோடு கண்டுபிடித்தவருக்குரிய ஊதியத்தையும் சேர்த்து முன்பணமாகக் கேட்டால் பங்காளிகள் கூடிக் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில் அது நிறைவேறுவது எங்ஙனம்?

போல்டனும் வாட்டும் யந்திரத்தை விற்கவில்லை. உருளை முதலிய பெரும் பாகங்களைச் சுரங்கத்தாரே வார்ப்பாலைகளில் அடக்க விலைக்கு வாங்கிக் கொள்ளலாம். வரைபடம், நுட்பமான சில உறுப்புகள், நிறுத்திக் கொடுக்கும் ஆள் ஆகியவை கம்பெனியைச் சேர்ந்தவை. இவற்றிற்குப் பிரதியாக, அதே வேலையைப் பழைய யந்திரம் செய்தால் எவ்வளவு கரி செலவாகுமோ, அதில் மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றிலொரு பங்கை, உரிமைக் காலம் தீரும் வரையில் கொடுத்துவர வேண்டும் என்பதே ஒப்பந்தம். மிச்சமில்லையேல் கொடுப்பதும் இல்லை.

ஓர் உதாரணக் கணக்கைக் கொள்வோம். பழைய யந்திரத்தின் வருஷாந்தரக் கரிச் செலவு 900 பவுன்; புதியதற்கு 300 பவுன். மிச்சம் 600. இதில் கம்பெனிக்கு 200, சுரங்கத்தாருக்கு 400. புகையாய்ப் போகவிருந்த பணத்தின் ஒரு பாகத்தையே சுரங்கத்தார் கொடுத்தனர். யந்திரத்தின் உத்தரத்தில் இழுப்புகளை எண்ணும் கருவியொன்றைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் கணக்குப் பார்த்தனர். 1777 முதல் கார்ன்வாலில் இவ்யந்திரங்கள் ஏற்படலாயின. சில வருஷங்களுக்குள் பழையவை பெரும்பாலும் மறைந்தன.

தொல்லையும் அங்கேயே ஆரம்பித்தது. பழைய யந்திரத்தைக் கழற்றி எறிந்த பிறகு அதன் கரிச் செலவு எவர் நினைவிலும் இல்லை. மிச்சம் கண்ணுக்குத் தெரியாது; கொடுக்கும் தொகையோ கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் தெரியும். இச்சமயத்தில் ஆங்கிள்ஸீ தீவின் மலிவான தாமிரம் சந்தைக்கு வந்து, கார்ன்வால் தாமிரத்தின் விலை சரிந்தது. நஷ்டத்தில் தவிக்கும் சுரங்கத்தாருக்கு மூன்றிலொரு பங்கு என்பது ஒரு வரியாகவே தோன்றிற்று. சிலர் எண்ணும் பெட்டியை விட்டு நிலையான தொகைக்கு ராஜி செய்துகொண்டனர். சிலர் ஹார்ன்பிளோவர், புல் என்பவர்களுடைய போட்டி யந்திரங்களை நாடினர். பலர் தொகையை நிறுத்திவிட்டனர். வழக்குகள் நீண்டு, 1799-ல்தான் கம்பெனி பக்கம் முடிவாயின. சுரங்கத்தாரை நன்றியற்றவரென்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் இருபத்தைந்து வருஷ உரிமை எந்தக் கடன்காரனுக்கும் நீளமாகவே தோன்றும். பழைய செலவின் கணக்கை வருஷந்தோறும் அவர்கள் முன் வைத்திருந்தால் மனக்கசப்பு ஓரளவு குறைந்திருக்கக்கூடும்.

ஆலைகளையும் மதுபானம் வடிக்கும் சாலைகளையும் அணுகியபோது இம்முறை பயன்படவில்லை. அங்கே பழைய யந்திரமே இல்லை. செக்குமாடு போலக் குதிரைகள் சுற்றிவந்தன. ஆகவே வாட் கணக்கைக் குதிரையின் மொழிக்கு மாற்றினார். நிமிஷத்திற்கு 33,000 ராத்தல் பாரத்தை ஓரடி உயர்த்துவது ஒரு குதிரையின் சக்தி என்று வகுத்து, இத்தனை குதிரைச் சக்திக்கு வருஷத்திற்கு இத்தனை பவுன் என்று வசூலித்தார். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் தாங்கக்கூடியதைவிட இவ்வளவு அதிகம். எனவே யந்திரம் சொன்னதற்குக் குறைந்ததென்று முறையிட எவருக்கும் இடமிராது. கொள்ளும் புல்லும் எவ்வளவு ஆகுமென்று முதலாளிக்கு மனப்பாடம். யந்திரத்தை அவர் தீனி தின்னாத குதிரைகளாகவே மதிப்பிட்டார். லண்டனில் விட்பிரெட் சாலையில் 1785-ல் இத்தகைய யந்திரம் ஏற்பட்டது. கிணற்றடியிலுள்ள பம்பு யந்திரத்தின் தகட்டில் இன்றும் காணும் குதிரைச் சக்தி என்ற அளவு அவ்விற்பனைக்காக வகுக்கப்பட்டதேயாம்.

1800-ல் உரிமை முடிந்ததும் கம்பெனி கார்ன்வாலை விட்டு விலகிற்று. ஆயினும், ஒரு மரக்கால் கரிக்கு எவ்வளவு நீர் ஏறுகிறது என்று பார்க்கும் பழக்கம் அவ்வூராரை விடவில்லை. 1811 முதல் ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு சுரங்கத்து யந்திரத்தின் கணக்கையும் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடலானார். அடுத்த சுரங்கத்தைவிடக் குறைந்த கரியில் இறைக்கவேண்டுமென்று ஊரெங்கும் போட்டி உண்டாயிற்று.