ஊளையிடும் பின் டிஃப்: லாக்கருக்கு முன்னால் எண்ணெயைப் பாருங்கள்

கேள்வி: அப்பா வாங்கிய ஹைலக்ஸ் வீகோ 3.0 ஃபோர்வீல் வண்டி இப்போது என் கையில் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவும் நானும் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் அதில்தான் சாப்பாடும் குடிதண்ணீரும் கொண்டுபோனோம். சில இடங்களில் பாதிக் கதவு வரை தண்ணீர். இப்போது 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. ஹாஃப்-கட், அதாவது வெட்டியெடுத்த பழைய வண்டியின், டிஃப் (டிஃபரன்ஷியல்) ஒன்றைப் போட்டுவிடலாம் என்கிறது வொர்க்‌ஷாப். நண்பர்களோடு உலு லங்காட், கோல குபு பாரு பக்கம் காட்டுப்பாதையில் போகவும் ஆசை. 33 அங்குல மட் டயரும் பின்னால் லாக்கரும் போட நினைக்கிறேன். வீகோவின் பின் டிஃப் தாங்குமா? பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மாமா, “பழைய லேண்ட் ரோவர் ஆக்சில்தான் உறுதி” என்கிறார். உண்மையா?

வாசகர், கிள்ளான்

பதில்: தம்பி, டயர், லாக்கர் இரண்டுக்கும் எடுத்து வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். சத்தத்துக்கான காரணம் பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு டிஃப் எண்ணெயை மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

2021 டிசம்பர் 18-ஐ ஒட்டிய அந்த நாட்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஃபோர்வீல் வைத்திருந்தவர்கள் யார் அழைப்புக்கும் காத்திராமல் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அப்பாவும் நீங்களும் அவர்களில் இருந்தீர்கள் என்பது பெருமைக்குரியது. ஆனால் அந்த உதவிக்கு வண்டி கொடுத்த விலையைப் பலர் கவனிக்கவே இல்லை. சாலையில் ஓடி வந்த டிஃப் கூடு சூடாக இருக்கும். அது குளிர்ந்த தண்ணீருக்குள் மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். அந்தக் காற்று போய்வரத்தான் ஆக்சிலின் மேல் ப்ரீதர் என்ற சிறு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அடைபடாமல் தண்ணீருக்குக் கீழே இருந்தாலோ ப்ரீதர் வழியாகவே போகும்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்யும்? டிஃபில் பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து சுழல்கிறது. ஹைபாய்ட் என்பது இந்த அமைப்புதான். பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியும் நகர்வதால் சாதாரண எண்ணெய் அங்கே நிற்காது. கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த ஜிஎல்-5 ரக எண்ணெய் கேட்பது அதனால்தான். டிஃப் எண்ணெயின் அந்தக் கடுமையான நாற்றமும் அதிலிருந்து வருவதே. தண்ணீர் கலந்து எண்ணெய் பால்போல் வெளுத்துவிட்டால் பற்களுக்கு இடையே இருக்க வேண்டிய படலம் அறுந்துபோகும். பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழும். அதற்குப் பிறகு நல்ல எண்ணெயே ஊற்றினாலும் அந்தப் புள்ளி தன் வேலையை மெல்லச் செய்துகொண்டே இருக்கும். சத்தம் உடனே கேட்காமல் நாள் கழித்துக் கேட்பதும் இதனால்தான்.

ஆகவே முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி எண்ணெயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள, எண்ணெய் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்து அசையாமல் நிற்க, கீழ் பிளக்கைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டுத் திண்டாடுவோர் உண்டு. வடித்த எண்ணெய் வெளுத்திருக்கிறதா, காந்தப் பிளக் இருந்தால் அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாம்பல் நிறப் பசை வழக்கமானது. அதற்குப் பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் இரும்புச் செதில் இருந்தால் டிஃபை இறக்கியே ஆக வேண்டும்.

சத்தத்தையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், விட்டதும் வேறு குரல் என்றால் கிரவுன்-பினியன் பக்கமோ பினியன் பேரிங் பக்கமோ சந்தேகம் போகும். மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுபோல இருந்து, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம். சாலைத் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். டயர் சத்தத்துக்கு டிஃபை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஹாஃப்-கட் டிஃபை நான் அடியோடு மறுக்கவில்லை. நம் ஊரில் எத்தனையோ வண்டிகள் அதில்தான் உயிர் பிழைத்து ஓடுகின்றன. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த டிஃப் எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று சொல்ல ஆளில்லை. ஆகவே திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். அதைவிட முக்கியம் ரேஷியோ. முன் டிஃபின் ரேஷியோவும் பின் டிஃபின் ரேஷியோவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சிறிது மாறினாலும் ஃபோர்வீல் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸ்வரை சேதம் போகும். கிரவுனிலும் பினியனிலும் உள்ள பற்களை எண்ணி வகுத்தால் ரேஷியோ தெரிந்துவிடும். உங்கள் டிஃபின் பற்கள் நன்றாக இருந்தால், அதையே பேரிங், சீல் மாற்றிப் பூட்டுவதுதான் என் தேர்வு. பூட்டுபவருக்கு டயல் கேஜ் வைத்து அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். டொயோட்டாவின் பழைய 8 அங்குல டிஃபில் பல்லுக்குப் பல் விடும் இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர்தான். கையால் ஆட்டிப் பார்த்து “சரியாக இருக்கிறது” என்று சொல்லிவிடக்கூடிய அளவல்ல அது.

இனி வலிமைக்கு வருவோம். உங்கள் 3.0 எஞ்சின் தருவது 343 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முதல் கியரில் சுமார் 4 மடங்கு, லோ ரேஞ்சில் இரண்டரை மடங்கு, கிரவுன்-பினியனில் இன்னொரு 4 மடங்கு என்று தோராயமாக வைத்தாலும் மொத்தம் 40 மடங்கு. 13,000 நியூட்டன் மீட்டருக்கு மேல். சமதளத்தில் முன் ஆக்சில் இதில் பங்கு எடுத்துக்கொள்ளும். செங்குத்தான மண்மேட்டில் எடை பின்னால் சாய்ந்து முன் சக்கரம் இலேசாகும்போது பெரும் பங்கு பின் டிஃபின் தலையில் விழும். இவ்வளவும் பற்களுக்கு முழுதாக வந்து சேராமல் காப்பது டயர் வழுக்குவதுதான். பெரிய டயர் போட்டால் அந்தக் காப்பு குறையும். உங்கள் 265/70 ஆர்16 டயரின் உயரம் 30.6 அங்குலம், 33 என்பது அதைவிட ஏறத்தாழ 8 சதவீதம் அதிகம். பிடிமானம் அதேயானாலும் வழுக்குவதற்கு முன் அந்த 8 சதவீதச் சுமையை டிஃப் கூடுதலாகத் தாங்க வேண்டும். பிறகு இழுவை போதவில்லை என்று 4.88 போன்ற ரேஷியோவுக்குப் போவார்கள். அதில் பினியன் சிறுத்துவிடும். இன்னும் பலம் குறையும்.

லாக்கர் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சாதாரண டிஃப் இரு பக்கமும் சம முறுக்கையே கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் மறு பக்கத்துக்கும் அவ்வளவு குறைவாகத்தான் போகும். எரிச்சலூட்டும், ஆனால் ஆக்சில் ஷாஃப்டுக்கு அது பாதுகாப்பு. லாக்கர் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டியதும் தரையில் இருக்கும் ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்ட் முழுச் சுமையையும் ஏற்கிறது. ஏர் லாக்கரைத் தேவைப்படும்போது மெதுவாகப் போட்டு, கடந்ததும் எடுத்துவிடுபவர்களுக்கு அது நல்ல கருவி. டிஃபை வெல்டிங் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். மழையில் நனைந்த நெடுஞ்சாலை வளைவில் அது ஆபத்து.

மாமா சொல்வதில் பாதி உண்மை. கேமரன் மலையில் காய்கறி ஏற்றி இன்றும் ஓடும் லேண்ட் ரோவர்களைப் பார்த்தவர்கள் யாருக்கும் அவற்றின் மீது மதிப்பு வரும். நீளமான 109, 110 வண்டிகள் பலவற்றில் பின்னால் இருக்கும் சாலிஸ்பரி ஆக்சில் உண்மையிலேயே முரட்டுச் சாமான். குட்டையான வண்டிகளின் ரோவர் ஆக்சில் அப்படியல்ல. அதன் 10 பல் கொண்ட ஷாஃப்ட் முறிவது பழைய கதை. ஆனால் அதன் சக்கரம் ஹப்பில் தனியாக நிற்பதால், முறிந்த ஷாஃப்டைக் காட்டுக்குள்ளேயே உருவி வேறு போடலாம். வீகோவில் சக்கரமே ஷாஃப்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. முறிந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

டிஃபை உடைப்பது பெரும்பாலும் அதிர்ச்சிதான். சேற்றில் வேகமாகச் சுற்றும் சக்கரம் திடீரென வேரையோ கல்லையோ பிடிக்கும் அந்த நொடியில் பல் போகும். லூயிஸ் வீ 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் காட்டுப்பாதைப் போட்டியில் மழைக்காலச் சேற்றைக் கடப்பவர்கள் வின்ச்சை எவ்வளவு நம்புகிறார்கள் என்று பாருங்கள். வின்ச் இழுக்கிற ஒவ்வொரு முறையும் டிஃப் தப்பிக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: பழைய டயர் அளவிலேயே இருங்கள், டிஃபைத் திறந்து செப்பனிடுங்கள், ப்ரீதர் குழாயை எஞ்சின் அறைக்கு உயர்த்திக் கட்டுங்கள், லாக்கருக்கு முன்னால் வின்ச் வாங்குங்கள். பெரிய டயர்தான் வேண்டுமென்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதிகளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இனி எப்போது ஆழத் தண்ணீரில் இறங்கினாலும், அந்த வாரமே டிஃப் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.