மைதானமும் நியாயஸ்தலமும்

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

அமெரிக்கக் கால்பந்தாட்டத் திறமைக்காகக் கல்லூரி ஒன்று உனக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்திருக்கிறது என்று உன் தாயார் எழுதியதைப் படித்து மிகவும் ஆனந்தமடைந்தேன். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நீ அந்நாட்டாரின் ஆட்டத்தில் தேர்ச்சி பெற்றது இயல்பே. அதை விட்டுவிடு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அதையே ஜீவனமாகக் கொள்ள நீ உறுதி பூண்டிருப்பதால், அத்தொழிலில் மகோன்னத ஸ்தானத்தை அடைந்த ஆலன் பேஜ் என்பவரின் சரித்திரத்தை நீ கருத்தூன்றிப் படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

ஒஹாயோ மாகாணத்துக் காண்டன் நகரில் 1945-இல் பிறந்து, நோட்டர் டேம் சர்வகலாசாலையில் பயின்ற அவர், 1967-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் முன்வரிசையைப் பிளந்து சென்று அவரை வீழ்த்துவதே பேஜின் வேலை. ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, தடுப்பு வரிசையில் ஆடும் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1971-இல் அவருக்குத்தான். அந்த ஆட்டம் அவருடைய இடது கைச் சுண்டுவிரலைச் செங்கோணமாக வளைத்துவிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இவையெல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்வது வேறொன்று. ஒருமுறை சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விலகிவிட்ட அவர், கீர்த்தியும் திரவியமும் நிறைந்திருந்த காலத்திலேயே, சிறிதும் கூச்சமின்றி மறுபடியும் மாணாக்கராகி, பந்தயங்களுக்கும் பயிற்சிக்கும் நடுவே இடைவிடாது படித்து, 1978-இல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான், நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டு எடை குறைந்திருந்த அவரை, பத்தாண்டுகளுக்கு மேல் தங்களுக்காக உழைத்தவரென்றும் பாராமல், வைக்கிங்ஸ் அணியினர் விலக்கினார்கள். சிகாகோ பேர்ஸ் அணி அவரை ஏற்றுக்கொள்ள, 1981 வரை அங்கே ஆடினார். விலக்கப்பட்ட அன்றைக்கு அவருடைய கையில் பட்டம் இருந்தது என்பதை மறவாதே. உன் வயதினர் பெரும்பாலும், ஆட்டம் முடியட்டும், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். ஆட்டம் எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் ஆடுகிறவனிடத்தில் இல்லையே!

பேஜ் இருந்த வைக்கிங்ஸ் அணி, அவ்வாட்டத்தின் மகுடப் போட்டியான சூப்பர் பவுல் பந்தயத்தில் நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்றது. 1975 ஜனவரியில் அவ்வணியை வென்ற பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் மைக் வெப்ஸ்டர் என்ற இளைஞர் இருந்தார். அவர் அப்பந்தயத்தையும் சேர்த்து நான்கு முறை வெற்றி கண்டவர். வறுமையிலும் சித்தக் கலக்கத்திலும் துன்புற்று 2002-இல் ஐம்பதாவது வயதில் அவர் மரணமடைந்தபோது, பென்னட் ஒமாலு என்ற வைத்தியர் அவருடைய மூளையைப் பரிசோதித்து, தலையில் ஓயாமல் பட்ட அடிகளால் அது சிதைந்திருந்ததைக் கண்டறிந்தார். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; தலையில் அடிபட்டால் அதை மறைத்துக்கொண்டு ஆடுவது வீரமல்ல என்பதற்காகவே சொல்கிறேன்.

பேஜோ வழக்கறிஞராகவும், பின்னர் மாகாண அரசாங்கத்தின் சட்ட இலாகாவிலும் பணியாற்றி, உச்ச நீதிமன்றப் பதவிக்கான தேர்தலைத் தள்ளிப்போட நடந்த முயற்சியை வழக்குத் தொடுத்து முறியடித்து, 1992-இல் வென்று, மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக 1993 முதல் 2015 வரை நீதி பரிபாலனம் செய்தார். மைதானத்தில் கழித்த பதினைந்து ஆண்டுகளைவிட அது நீண்ட காலம்.

ஆகையால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், காயம்பட்டு ஆட முடியாமற்போனாலும் பட்டம் பெறும்வரை உபகாரச் சம்பளம் தொடருமா, வைத்தியச் செலவை யார் ஏற்பார்கள் என்னும் இரண்டையும் கல்லூரியாரிடம் எழுத்துமூலமாகவே கேட்டுப் பெற்று, அந்தப் பதிலை எனக்கும் அனுப்பி வை.

இப்படிக்கு,
உன் நன்மையை என்றும் நாடும்
மாமா