கொடுக்கும் சுண்ணாம்பும்

சென்ற மாதம் நம் விடுதி மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டின்மீது யாரோ கல்லெறிந்துவிட்டார்கள். முதலாண்டு மாணவர் ஒருவருக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு. உடனே வாயிற்காவலரின் புகையிலை டப்பாவிலிருந்து சுண்ணாம்பு வந்தது. நம் ஊர்ப் பாட்டி வைத்தியம் இந்த வட நாட்டிலும் உண்டு போலும்! “காயட்டும், சரியாகிவிடும்” என்று வேதியியல் படிக்கும் நானே சொன்னேன்.

தேனீயின் நஞ்சு அமிலம், அதைச் சுண்ணாம்பின் காரம் முறிக்கும் என்பது பள்ளியில் கற்ற பாடம். ஆனால் ஒரு தேனீ இறக்கும் நஞ்சு ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதிலும் தீங்கு செய்வது அமிலமன்று. புரத இனப் பொருள்கள். உலர்ந்த நஞ்சில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின். உயிரணுக்களின் சவ்வை உடைப்பது அதன் தொழில். தோலுக்கு அடியில் இறங்கிவிட்ட அதை மேலே பூசிய சுண்ணாம்பு எப்படி எட்டும்? தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

முதலில் கவனிக்கவேண்டியது கொடுக்கு. அதில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் தோலிலேயே தைத்து நின்றுவிடும். நஞ்சுப்பையும் கூடவே பிய்ந்து வந்து, தேனீ போன பின்னும் துடித்துத் துடித்து நஞ்சை இறக்கும். கிள்ளினால் பை பிதுங்கும், கத்தியால் வழித்தே எடுக்கவேண்டும் என்பார்கள். கிள்ளினாலும் வழித்தாலும் ஒன்றுதான், தாமதமே வீக்கத்தைக் கூட்டுகிறது என்று 1996-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே கத்தியைத் தேடாமல் நகத்தாலேயே பிடுங்கிவிடுங்கள். பிறகு சோப்பு நீரால் கழுவித் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும். விரலில் கொட்டினால் மோதிரத்தை உடனே கழற்றவேண்டும். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. மறுபடியும் கொட்டும், விலகிவிடுங்கள்.

நம் மாணவருக்குச் சுண்ணாம்பு காயுமுன்பே வயிற்றிலும் தொடையிலும் தடிப்புகள் எழுந்தன. குரல் கம்மியது, தலை சுற்றியது. கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. கொட்டாத இடத்தில் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் அது ஒவ்வாமை. நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். அரிப்பு மாத்திரை இதற்குப் போதாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே மருந்து. 112-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். எத்தனையோ கொட்டுகள் விழுந்தாலும், வாய்க்குள் கொட்டினாலும் மருத்துவமனைக்கே செல்லவேண்டும்.

ஊசி போட்ட சிறிது நேரத்தில் அவர் நன்றாகப் பேசினார். ஆயினும் அன்றிரவு அனுப்ப மறுத்துவிட்டார்கள். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து அதே தொல்லை திரும்பவும் வருமாம்.