கிஸ்: முகத்தில் பூசிய சாயமும் பெயரில் பூசிய பொய்யும்

1973-இல் நியூயார்க்கில் நான்கு பேர் ‘கிஸ்’ என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். முகமெல்லாம் மேக்கப். ஜீன் சிமன்ஸ் மேடையிலே நெருப்பை ஊதுவார், வாயில் போலி இரத்தம் வழியவிடுவார். 1975-இல் வந்த ‘அலைவ்!’ இசைத்தட்டு அவர்களைப் புகழில் ஏற்றியது.

அமெரிக்காவில் விசுவாசிகள் நடுவே ஒரு பேச்சு கிளம்பிற்று. ‘கிஸ்’ என்ற எழுத்துக்கள் சாத்தானுக்கு ஊழியம் செய்யும் வீரர்களைக் குறிக்குதாம்! குழுவினர் இல்லை என்றார்கள். யாரும் கேட்கவில்லை.

நடந்தது என்ன? 1983-இல் மேக்கப்பைக் கலைத்துத் தொலைக்காட்சியில் வந்தார்கள். 1996-இல் மறுபடியும் பூசிக்கொண்டார்கள், கூட்டம் அலைமோதிற்று. பொம்மை, காமிக்ஸ், 2001-இல் சவப்பெட்டிகூடத் தங்கள் பெயரில் விற்றார்கள். 2023 டிசம்பர் 2-இல் நியூயார்க்கிலேயே கடைசி நிகழ்ச்சி. அந்த வேடம் பிழைப்புக்கு முதலாகவே இருந்தது.

பண ஆசையையும் ஆபாசப் பாட்டையும் கண்டிக்கணுமா? தாராளமாய்க் கண்டியுங்கள், அதற்கு உண்மையே போதும். பொய் எதற்கு? யாத்திராகமம் 20:16 நமக்குப் பிடிக்காதவனுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

சிந்திக்க: விசாரிக்காமலே நீங்கள் பிறரிடம் சொன்ன செய்தி எது? அதனால் யார் பெயர் கெட்டது?